இருமலோடு ஏறிய பாட்டு

எங்கள் பாட்டை எடுத்துவிடப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நான் முக்கூடல் பஸ் நிறுத்தத்தில் நின்று வடை தின்றுகொண்டிருந்தேன். செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் ஆங்கிலம் லாரியில் கிளீனராகப் போன காலத்தில் சரக்குச் சீட்டுகளிலும், புனேயில் பாத்திரம் கழுவிய ஓட்டலின் மெனு அட்டையிலும், மஸ்கட்டில் பெயின்ட் டப்பாக்களின் மேலும் படித்தது. ஆனாலும் கடையை மூடுகிறார்கள் என்பதை எந்த மொழியில் எழுதினாலும் எனக்கு விளங்கிவிடும். நான் வேலை பார்த்த இடங்களில் பாதி அப்படித்தான் முடிந்தன. மிச்ச வடையைத் தின்றுவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஒரு வில்லிசைக் குழுவில் பின்பாட்டுப் பாடுகிறவர். நான் ஊரில் தங்கும் மாதங்களில் அந்தக் குழுவுக்கு வேன் ஓட்டுவேன், மைக் கட்டுவேன், போன் சம்பந்தப்பட்டதையெல்லாம் பார்ப்பேன். மற்ற மாதங்களில் எங்கே இருப்பேன் என்று எனக்கே முன்கூட்டித் தெரியாது.

வில்லுக்குப் பின்னால் நடுவில் உட்கார்ந்து, வீசுகோலால் அடித்துக் கதை சொல்பவர்தான் குழுவுக்குத் தலைவர். பின்பாட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, தலைவர் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போட வேண்டும். கடைசி அடியைத் திருப்பிப் பாட வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆமா போட்டுக்கொண்டிருந்தார். கதையில் யார் பிறந்தாலும் ஆமா, யார் செத்தாலும் ஆமா. கதைக்கு நடுவில் தலைவர் சோடா குடிக்கும் நேரத்தில் மட்டும் அவருக்கென்று ஒரு பாட்டு உண்டு. அவரே கட்டியது. பிறந்த வீட்டிலிருந்து ஒரு பெண் பெரிய பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு மலை பஸ்ஸில் இறங்கி வருகிறாள். பழத்துக்கும் டிக்கெட் எடு என்கிறார் நடத்துநர். "பழத்துக்கு டிக்கெட்டுன்னா பாதிச் சுளை உனக்கு, கொட்டை மட்டும் எனக்கா?" என்று அவள் கேட்க, பஸ் முழுக்க நியாயம் பேசுகிறது. கேட்கிற கூட்டத்தில் தூங்கினவர்களும் எழுந்து உட்காருவார்கள்.

அந்தப் பாட்டைப் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்து பாட்டுச் செயலிகளில் போட்டிருந்தோம். நாமாக நேரடியாகப் போட முடியாது. வாழைத்தாரை மண்டியில் கொண்டு இறக்கினால் மண்டிக்காரர் ஊர் ஊராக அனுப்புகிற மாதிரி, பாட்டை வாங்கி எல்லாச் செயலிகளுக்கும் அனுப்புவதற்கென்று கம்பெனிகள் இருக்கின்றன. போட்ட புதிதில் நாங்கள்தான் கேட்டோம். பிறகு மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் இருந்தவர்களுக்குப் பாட்டு எப்படியோ போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் அவர்கள் வேலை முடிந்து மலையை விட்டு இறங்கி, அம்பாசமுத்திரம், திருப்பூர் என்று ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். அந்த பஸ்ஸில் பலாப்பழத்தோடு வராதவர்கள் அவர்களில் யாரும் இல்லை. ஒருவருக்கொருவர் அனுப்பி, சேமித்து வைத்து, திரும்பத் திரும்பக் கேட்டு, கேட்டவர் எண்ணிக்கையை லட்சத்துக்கு மேல் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்த லட்சத்துக்கு இப்போது ஒரு வேலை வந்திருந்தது. எங்கள் தலைவர் பேரப்பிள்ளையைப் பார்க்க மலேசியா போனவர், அந்த வருடம் வருவதாக இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு ஊரில் ஆடி மாதம் அம்மன் கோயில் கொடை விழா. கொடை கமிட்டியில் இருந்த இளைஞர் ஒருவர் அக்காவையே தலைமைக்கு அழைக்கலாம் என்றார். ஊர்ப் பெரியவர் தயங்கினார்.

"பின்பாட்டுக்காரிய நம்பி கொடையக் குடுக்கச் சொல்லுதியா?"

"இங்கன பாருங்க தாத்தா. லட்சம் பேரு கேட்டிருக்காவ. நம்ம ஊரு மொத்தமும் நூறு தடவை கேட்டாலும் இத்தனை வராது."

பெரியவர் போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். எண்ணிக்கை அவருக்குப் பிடித்திருந்தது. ஆனியில் ஒரு நல்ல நாளில் ஊர்க்காரர்கள் வந்து வெற்றிலை பாக்கு வைப்பது என்றும், அதற்குள் கொடைக்கு வரி கொடுக்கும் மற்ற வரிக்காரர்களுக்கும் போனைக் காட்டிச் சம்மதம் வாங்குவது என்றும் முடிவானது. சம்மதிக்காவிட்டால் நாங்குநேரிப் பக்கத்தில் இன்னொரு குழு தயாராக இருந்தது. ஆகவே அந்த எண் தொலைந்தால், அக்கா வில்லுக்கு நடுவில் உட்காருவதும் தொலைந்தது.

நான் போய்ச் சொன்னபோது அவர் உளுந்து கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நம்ம பாட்டை அனுப்புன கம்பெனிய மூடுதாவளாம்."

"மூடட்டும். பாட்டு இருக்கும்லா?"

"மாசக் கடைசில அதையும் எடுத்துருவாவளாம்."

கழுவுவதை நிறுத்தினார். "என்னல சொல்லுத? அப்போ அந்த லட்சம்?"

"அதும் போயிரும்."

"வெளங்காத பயலுவ! மூடுததுக்கு வேற மாசமே கெடைக்கலையா?"

வேறு கம்பெனி வழியாக மறுபடி ஏற்றிவிடலாம், கவலைப்படாதீர்கள் என்றேன். ஒரு வேலையை விட்டால் இன்னொரு வேலை என்று இருக்கிறவனுக்கு அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. மறுநாள் இரண்டு பேரும் பாளையங்கோட்டை ஸ்டூடியோவுக்குப் போனோம்.

ஸ்டூடியோ அண்ணாச்சி, கிறிஸ்தவ சபையில் பாடகர் குழுவுக்கு ஆர்கன் வாசிப்பவர். வாரநாட்களில் ஆட்டோ விளம்பரங்களுக்குக் குரல் பதிவு செய்வார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. அது அவசரத்துல பண்ணுனது. நடுவுல உங்க குழு உடுக்கைக்காரரு வேற இருமித் தொலச்சிருக்காரு. புதுசா ஏத்துததுன்னா அதை வெட்டிட்டு, கொஞ்சம் எக்கோ போட்டு, பளிங்கு மாதிரி ஆக்கித் தாரேன்."

அக்காவுக்கும் ஒரு குறை இருந்தது. "சாமிக்கு ஒரு வரி பாடாம ஆரம்பிச்சோம் அண்ணாச்சி. அதான் கம்பெனியே விழுந்துபோச்சு. இந்தத் தடவை பிள்ளையாருக்கு ரெண்டு வரி பாடிட்டுப் பாட்டுக்குள்ள போவோம்."

"உங்க பிள்ளையாருக்கு ரெண்டு வரி. என் எக்கோ கொஞ்சம். சரியாப் போச்சு."

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் பக்கம் கொடை நோட்டீசில் மொட்டையாக யார் பெயரும் வராது. ஜங்ஷன் அச்சகத்தில் பட்டங்களைத் தயாராகவே வைத்திருப்பார்கள்; இல்லையென்று சொன்னால் அச்சகக்காரரே ஒன்று கொடுத்துவிடுவார். மரியாதை தெரியாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, புதிய கம்பெனியின் பக்கத்தில் பாடியவர் பெயர் கேட்ட இடத்தில் 'வில்லிசை இளங்குயில்' என்று முன்னால் சேர்த்து அக்காவின் பெயரை அடித்தேன். நடுவில் ஒரு கட்டம் எங்களுக்கு விளங்காத எண் ஒன்றைக் கேட்டது. தெரியாவிட்டால் காலியாக விடலாம் என்றிருந்தது. காலியாக விட்டேன். மூன்று பேரும் திருப்தியாக அல்வா தின்றோம்.

சில நாட்களில் பாட்டு வந்தது. அக்கா போனை வாங்கிப் பார்த்தார்.

"இது யாரு?"

"நீங்கதான்."

"லட்சம் எங்க?"

"அது பழைய பக்கத்துல இருக்கு."

"அப்போ அங்கன இருக்கது யாரு?"

"அதுவும் நீங்கதான்."

"ஒரு ஊருக்கு ரெண்டு நானா? இவளை ஒருத்தரும் கேக்கலையே. ஏல, நீ என்னத்தையோ கோட்டை விட்டுட்ட."

உண்மைதான். புதிய பக்கத்தில் இளங்குயில் தன்னந்தனியாக, கேட்பாரில்லாமல் உட்கார்ந்திருந்தது. பழைய பக்கம் மாதக் கடைசியில் போய்விடும். நான் புதிய கம்பெனிக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். "ஐயா, பாட்டு ஒன்றுதான். ஆள் ஒன்றுதான். லட்சம் எங்கே?" என்பது அதன் சாரம். மறுநாளே பதில் வந்தது. ஏற்கெனவே வெளியான பாட்டை மறுபடி வெளியிடுவதற்கு விதிகள் இருக்கின்றன, தயவுசெய்து படியுங்கள் என்று ஒரு பக்கத்தை அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தை ஆற்றங்கரைப் படித்துறையில் உட்கார்ந்து பைய வாசித்தேன். விளங்காத சொல்லைப் போனிடமே கேட்டேன். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் மூன்று பேரும் என்னென்ன நல்லது செய்தோமோ, அவை எல்லாவற்றையும் செய்யாதே என்று எழுதியிருந்தது.

காலியாக விட்ட அந்த எண்தான் முதல் விஷயம். பதிவான ஒவ்வொரு பாட்டுக்கும் எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு அடையாள எண் உண்டாம். இதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. லாரியை யாருக்கு விற்றாலும், பெயர்ப் பலகையை மாற்றி நீலத்தை அழித்துச் சிவப்பு அடித்தாலும், சேசிஸ் எண் மாறாது. செக்போஸ்ட்டில் அதைப் பார்த்துத்தான் இது இன்ன வண்டி என்பார்கள். கம்பெனி மாறினாலும் பழைய எண்ணையே கொடுத்தால்தான் இது அதே பாட்டு என்று செயலி நம்பும். நாங்கள் கொடுக்காததால் அவர்களாகப் புது எண் குத்திவிட்டார்கள். பழைய பாட்டின் லட்சத்தைப் புது வண்டியில் ஏற்ற மறுப்பது நியாயம்தானே.

பெயரும் அப்படியே. முதலில் எப்படிப் போட்டோமோ அப்படியே இருக்க வேண்டும். பட்டம் சேர்த்தால் வேறு ஆள். எங்கள் ஊரில் பட்டம் இல்லாவிட்டால் ஆளே இல்லை. அங்கே பட்டம் வந்தால் ஆள் மாறிவிடுகிறார். வெளியான தேதியும் முதன்முதலில் வெளியான தேதியாக இருக்க வேண்டும்.

ஆனால் என்னை எழுந்து நிற்க வைத்தது ஒலியைப் பற்றிய விதி. பழைய ஒலியையே கொடுக்க வேண்டும். நீளம் கூடக் கூடாது, குறையக் கூடாது. முன்னால் எதையும் சேர்க்கக் கூடாது, நடுவில் எதையும் வெட்டக் கூடாது. திருத்தினால் அது வேறு பதிவு, அதற்கு வேறு எண். ஆகவே பிள்ளையாரும் போக வேண்டும், எக்கோவும் போக வேண்டும். இருமல் திரும்பி வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. புதியது எல்லா இடத்திலும் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பழையதை எடுக்கச் சொல்ல வேண்டும். இடையில் வெற்றிடம் விழுந்தால் எண்ணிக்கை ஒட்டும் என்று உறுதி சொல்ல முடியாது என்று அந்தப் பக்கத்தில் தனியாக எழுதியிருந்தார்கள். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

நேராகப் பாளையங்கோட்டைக்குப் போய் அண்ணாச்சியிடம் பழைய பதிவைக் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அதுக்கு மேலதானே புதுசைச் சேமிச்சேன்."

"வேற காப்பி?"

"நல்லா ஆனதுக்கு அப்புறம் நோய்வாய்ப்பட்டதை எவன்வே வச்சிருப்பான்?"

மூடப்போகும் கம்பெனியின் பக்கத்தில் பார்த்தோம். பாட்டைக் கேட்கலாம், எண்ணை எழுதிக்கொள்ளலாம், பதிவை இறக்கிக்கொள்ள வழியில்லை. எண்ணை எழுதிக்கொண்டேன். அப்புறம்தான் அண்ணாச்சிக்கு ஞாபகம் வந்தது. பதிவு முடிந்த அன்றே உடுக்கைக்காரர் ஒரு பென் டிரைவில் முழுப் பதிவையும் கேட்டு வாங்கிப் போயிருந்தார். தன் வாசிப்பைத் தானே கேட்பதில் அவருக்கு அலுப்பே வராது.

"நல்ல மனுசன். போன் போடுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் போட்டா எடுக்க மாட்டாரு. புதுசு வெளிவந்த அன்னைக்குப் பேசும்போது சும்மா கேலியாச் சொன்னேன். 'உம்ம இருமலை எடுத்தாச்சு வே, இப்பத்தான் பாட்டு ஆரோக்கியமா இருக்கு'ன்னு. அதோட வச்சவருதான்."

நான் போட்டேன். எடுக்கவில்லை. அக்கா போட்டார். எடுக்கவில்லை. கொடை இல்லாத மாதங்களில் உடுக்கைக்காரர் புன்னக்காயலில் ஐஸ் பேக்டரியில் வேலை பார்ப்பார். போன் எடுக்காதவரை நேரில் போய்த்தான் பிடிக்க வேண்டும். மறுநாள் காலையில் நானும் அக்காவும் பஸ் ஏறினோம். ஆத்தூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா, "நடுவுல உக்காரணும்னு நான் யார்கிட்டயும் கேக்கல. அவங்களா வந்து சொன்னாவ. சொன்னப்புறம் ஆசை வந்துட்டு, என்ன செய்ய?" என்றார். நான் இரண்டு பேருக்கும் வெள்ளரிக்காய் வாங்கினேன்.

உப்பளங்களைத் தாண்டி, ஆறு அகலமாகி எந்த அவசரமும் இல்லாமல் கடலுக்குள் போகும் இடத்தில் அந்த ஊர் இருக்கிறது. ஐஸ் பேக்டரியைத் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் பாட்டுத்தான் வழி காட்டியது. உள்ளே ஒரு ஸ்பீக்கரில் பலாப்பழப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உடுக்கைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டி, உடைத்த ஐஸை மண்வெட்டியால் மீன் பெட்டிகளுக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பார்க்காதது போல் இன்னும் வேகமாக அள்ளினார்.

"மாமா," என்றேன். என்னை அவர் மாப்ளே என்றுதான் கூப்பிடுவார்.

"எந்த மாமா? இருமுத மாமாவா, இருமாத மாமாவா?"

அக்கா முன்னால் போனார். "அண்ணாச்சி கேலி பண்ணுனதுக்கு எங்ககிட்ட எதுக்கு மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கியரு?"

"நீங்களும் அங்கனதான இருந்திய? வெட்டும்போது ஒரு வார்த்தை சொன்னியளா? பிள்ளையாருக்கு இடம் இருக்கு, எனக்கு இடம் இல்ல."

"பிள்ளையாரும் இப்போ வெளியதான் நிக்காரு," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் கேட்க ஆரம்பித்தார். கம்பெனி மூடுவதையும், லட்சம் போகப்போவதையும், அக்கரை ஊர்க்காரர்கள் வெற்றிலையோடு வரப்போவதையும் சொன்னேன். பதிவு பழையபடி இருந்தால்தான் எண்ணிக்கை ஒட்டும் என்ற விதியையும் சொன்னேன்.

"பழையபடின்னா?"

"ஒரு நொடியும் மாறக் கூடாது."

"இருமல்?"

"இருமல் இல்லன்னா அது இந்தப் பாட்டே இல்லையாம்."

"யாரு சொன்னா?"

"கம்பெனிக்காரன். எழுத்துல குடுத்திருக்கான்."

மண்வெட்டியை ஐஸில் குத்தி நிறுத்தினார். பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "கேட்டீரா வே? கம்பெனியே சொல்லுதான்," என்றார். பிறகு ஸ்பீக்கரை நோக்கி எல்லோரையும் கையமர்த்தினார். சரியாக அந்த இடம் வந்தது. நடத்துநர் டிக்கெட் கேட்கிறார், உடுக்கை உருள்கிறது, உடுக்கைக்காரர் இருமுகிறார். அந்த இருமலைக் கேட்டு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் தாமதமாக, "பாதிச் சுளை உனக்கு" என்று எடுக்கிறார். ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். தினமும் கேட்டும் சிரிக்கிறார்கள்.

"இருமலை வெட்டும்போது அந்தச் சிரிப்பையும் சேத்து வெட்டிப்போட்டான் அந்த ஆர்கன்காரன்," என்றார் உடுக்கைக்காரர். "புதுசை நான் ஒரு தடவை கேட்டேன். நீங்க சிரிக்கவே இல்ல. டிக்கெட் எடுத்தவ மாதிரி பாடுதிய."

அக்கா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றார். வீட்டில் அந்தப் புதுப் பதிவைப் பலமுறை கேட்டும் ஏதோ சரியில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். என்ன சரியில்லை என்று இப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

பென் டிரைவ் ஸ்பீக்கரிலேயே செருகியிருந்தது. பிடுங்கிக் கொடுத்தார். பாட்டு நின்றதும் பேக்டரிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். "ஏ, எங்க பாட்டை எங்கவே தூக்கிட்டுப் போறிய?" கணக்கர் அறையில் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டுத்தான் எங்களை விட்டார்கள். கிளம்பும்போது ஒரு பையில் ஐஸ் போட்டு மீனும் கொடுத்தார்கள். திருநெல்வேலி வரும்வரை பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வசதியாக இருந்தது.

ஸ்டூடியோவில் அண்ணாச்சி பதிவைப் போட்டுக் கேட்டார். கை பரபரத்தது அவருக்கு. "இந்த முடிவுல மட்டும் ஒரு துளி எக்கோ..." என்று ஆரம்பித்தார். அக்கா மீன் பையை அவர் மேசையில் வைத்து, "இதுல குழம்பு வச்சுச் சாப்பிடுங்க. எக்கோவ உங்க சபையில போடுங்க," என்றார். அண்ணாச்சி பையைத் திறந்து பார்த்துவிட்டு, மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

இளங்குயிலை முதலில் எடுக்கச் சொல்லி எழுதினோம். அதை எங்களைத் தவிரக் கேட்டவர் யாரும் இல்லாததால் யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து அடித்தேன். பழைய எண்ணை நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அண்ணாச்சி திருப்பிச் சொன்னார். பழைய தேதி, பழைய படம், பழைய தலைப்பு. பெயரை அடித்துவிட்டு அக்காவிடம் காட்டினேன்.

"மொட்டையா இருக்கே."

"பழசுலயும் மொட்டையாத்தான் இருக்கு."

"அப்போ ஏன் இம்புட்டு நாளு தெரியல?" என்று கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, நல்லாத்தான் இருக்கு. அனுப்பு."

காத்திருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. விசாவுக்கும், சம்பளத்துக்கும், சரக்கு ஏறுவதற்கும் தரையில் துண்டை விரித்துப் படுத்துக் காத்திருந்தவன். அக்காவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. காலையில் ஒரு தடவை, உலை வைக்கும்போது ஒரு தடவை, வாசல் தெளிக்கும்போது ஒரு தடவை என்று என்னைக் கூப்பிட்டுப் போனைத் திறக்கச் சொன்னார். ஒரு நாள் புதியது வந்து பழையதுக்குப் பக்கத்தில் நின்றது. அதே படம், அதே பெயர், அதே பாட்டு. பழையதில் லட்சம். புதியதில் ஒன்றுமில்லை.

"இதுவும் ஒட்டல," என்றார்.

"பொறுங்க. உடனே ஒட்டாது, நாளாகும்னு போட்டிருக்கான்."

"அதுக்குள்ள பழசைத் தூக்கிட்டான்னா?"

மாதம் முடிய இரண்டு மூன்று நாட்கள்தான் இருந்தன. அந்த நேரம் பார்த்துக் கொடை கமிட்டி இளைஞரிடமிருந்து போன் வந்தது. மறுநாள் நாள் நன்றாக இருக்கிறது, பெரியவரோடு வெற்றிலை வைக்க வருகிறோம், வரிக்காரர்களில் சிலருக்கு இன்னும் சந்தேகம், அவர்களும் கூட வருகிறார்கள் என்றார். அக்கா அன்றைக்குப் போனைத் திறக்கச் சொல்லவே இல்லை. வீட்டைக் கழுவிவிட்டார். கழுவின வீட்டை மறுபடி கழுவினார்.

மறுநாள் காலையில் வேனில் வந்து இறங்கினார்கள். உடுக்கைக்காரரும் புன்னக்காயலிலிருந்து வந்து, வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருந்தார். காப்பி கொடுத்து முடிந்ததும் சந்தேகக்காரர் ஒருவர், "எங்க, அந்த லட்சத்தை நானும் பாக்குதேன்," என்றார். இளைஞர் போனை எடுத்துத் தேடினார். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். அக்கா காப்பித் தம்ளர்களை எடுக்கக் குனிந்தவர், எடுக்காமல் அப்படியே நின்றார்.

"என்ன, ரெண்டு இருக்கு?" என்றார் இளைஞர்.

"ரெண்டா? எது நெசம்?" என்றார் சந்தேகக்காரர்.

இளைஞர் ஒன்றைத் தொட்டார். பிறகு மற்றதைத் தொட்டார். எனக்கு அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. "ரெண்டும் நெசந்தான். ரெண்டுலயும் ஒரே எண்ணு," என்று போனைத் திருப்பிக் காட்டினார்.

நான் போனை வாங்கிப் பார்த்தேன். இரவுக்குள் ஒட்டியிருந்தது. பழையதில் இருந்த அதே லட்சம், கடைசி இலக்கம்வரை, புதியதிலும் நின்றது. அக்காவைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்ல, தட்டு," என்று குரல் வந்தது.

சந்தேகக்காரர் இரண்டு லட்சமும் சேர்த்து எத்தனை என்று கேட்டார். ஒரே லட்சம்தான், ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குக் குடிமாறுகிறது என்று விளக்கினேன். "வீடு மாறும்போது பால் காய்ச்சினதுக்கு அப்புறம் பழைய வீட்டைக் காலி பண்ணுத மாதிரின்னு வச்சுக்கிடுங்க." அவருக்குத் திருப்தியானது. தானும் அப்படித்தான் வீடு மாறினதாகச் சொன்னார்.

பெரியவர் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், முன்பணம் எல்லாம் வைத்து எழுந்து நின்றார். நின்றவர் பழக்க தோஷத்தில், இருந்தவர்களில் வேட்டி கட்டியிருந்த உடுக்கைக்காரரை நோக்கித் தட்டை நீட்டினார். உடுக்கைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கில்ல ஐயா. தலைவரு உள்ள இருக்காவ."

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மேடை மேக்க பாத்து வேண்டாம், வெயிலு கண்ணுல அடிக்கும். குடம் அடிக்குதவருக்குக் குடம் அசையாம நிக்க மணல் நல்லா சலிச்சுப் போடணும். சாப்பாடு பாட்டுக்கு முன்னால வேண்டாம், அப்புறம் போதும். பின்பாட்டுக்கு ஆளு நான் பாத்துக்கிடுதேன்."

பெரியவர் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றார்.

அவர்கள் போன பிறகு, பழைய கம்பெனிக்கு, நீங்கள் இனி எங்கள் பாட்டை எடுத்துவிடலாம் என்று எழுதினேன். எடுத்தார்கள். ஒன்று மறைந்தது, மற்றது லட்சத்தோடு நின்றது. இனி எனக்கு அங்கே வேலையில்லை. சூரத்தில் தெரிந்தவர் ஒருவர் ஜவுளிக் கிடங்குக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். டிக்கெட் பார்க்கலாம் என்று போனைத் திருப்பினேன்.

அக்கா வெற்றிலையை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"யாருகிட்டக் கேட்டு எங்க கிளம்புத? ஆடி முடியட்டும். நாளைக்கு வேனுக்கு டயர் பாக்கணும், பின்பாட்டுக்கு ரெண்டு பிள்ளைகளைக் கூட்டிட்டு வரணும். காலைல வெள்ளன வந்துரு."

அதுவரை அவர் என்னிடம் எதையும் கேட்டுத்தான் பழக்கம். இப்போது கேட்கவில்லை. நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, டயர்க் கடையை எப்போது திறப்பார்கள் என்று விசாரிக்கப் போனேன்.